வயலட் டீச்சரின் குரல் ஊருக்குள் போன கதை

உப்பாத்துப்புதூரில் தையிலிருந்து பங்குனி வரை ஒரு குரல் தனியாகக் குடியிருந்தது. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன், ஏனென்றால் இது பேய்க் கதை இல்லை, சாமிக் கதையும் இல்லை, ஒரு இங்கிலீஷ் டீச்சரின் கதை. அந்த ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும், உப்பளத்தில் கால் வெடித்த பொம்பளையாள் முதல் தண்ணித்தொட்டி ஆபரேட்டர் வரை, எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வயலட் டீச்சரின் குரல் முத்துப்பேச்சியின் போனுக்குள்ளிருந்து வெளியே வந்தது, வந்தது திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான். ஏன் வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, வெயிலில் வந்திருக்கிறதே, முதலில் உட்காரச் சொல்வோம் என்றுதான் பார்த்தார்கள்.

வயலட் டீச்சருக்கு மார்த்தாண்டம் பக்கம். முப்பத்திரண்டு வயதில் மாறுதலில் வந்து இறங்கியவர், கூடவே அம்மாவையும் அழைத்துவந்தார், தபாலாபீஸுக்கு அடுத்த ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார், கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது, அம்மா போய்ச் சேர்ந்தே மூன்று வருஷம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஊரில் ஒரு வீட்டு வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. கர்வமா என்றால் கர்வமில்லை. டீச்சர் என்றால் ஊரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று முதல் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார், பிறகு அந்த ஒரு கை தூரத்தைக் குறைப்பது எப்படி என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. காதுகுத்துக்கும் சடங்குக்கும் பத்திரிகை வரும். டீச்சர் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தாள் சுற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்தபடி மேளச்சத்தத்தைக் கேட்பார், இலை போடும் நேரம் இது, பாயசம் வரும் நேரம் இது என்று கணக்காக நினைத்துக்கொள்வார். நாளடைவில் பத்திரிகையை அவர் வீட்டு மதில்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுப் போக ஊர் பழகிக்கொண்டது.

அவர் வகுப்பில் இரண்டு சட்டம் உண்டு. வாசலில் நின்று ‘மே ஐ கம் இன்’ என்று கேட்காமல், உள்ளேயிருந்து ‘யெஸ், கம் இன்’ என்று பதில் வராமல், ஒரு பிள்ளையும் கால் எடுத்து உள்ளே வைக்கக் கூடாது. வந்து உட்கார்ந்த பிறகு டீச்சர் எதைச் சொன்னாலும் எல்லாரும் சேர்ந்து திரும்பச் சொல்ல வேண்டும், எது பாடம் எது பேச்சு என்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது, காதில் விழுந்ததெல்லாம் வாயில் வர வேண்டும், அப்படித்தான் பாஷை வரும் என்பது அவர் கட்சி. ஜன்னலைச் சாத்து என்றால்கூட அறுபத்துமூன்று பிள்ளைகளும் ‘ஜன்னலைச் சாத்து’ என்று கூரை அதிரக் கத்திவிட்டுத்தான் ஒருத்தி எழுந்துபோய்ச் சாத்துவாள். பத்தொன்பது வருஷத்தில் பாதி ஊர் இந்த இரண்டு சட்டத்துக்குள் வளர்ந்து ஆளாகி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளையும் அதே வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு இன்ஜினியர் வந்து பள்ளிக்கூடக் கூரையை அண்ணாந்து பார்த்து, உச்சுக்கொட்டி, இதன்கீழே பிள்ளைகள் உட்காரக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். கூரையைப் பிரித்து மறுபடி போட ஐந்து மாதம். அதுவரை பாடமெல்லாம் போனில் என்று உத்தரவாயிற்று, அதற்கென்று ஆசிரியர்களைக் கூப்பிட்டு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த பையன் நல்ல சிவப்பாய், வாசனையாய் இருந்தான். “டீச்சர் பக்கத்துல இல்லாமலே பாடம் நடக்கணும் மேடம், அதுதான் டெக்னாலஜி” என்றான். வயலட் டீச்சர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஊர் முழுக்கக் கடல்காத்து. எங்கே உட்கார்ந்து பதிவு செய்தாலும் போனில் காற்றுதான் பேசியது. அடுப்படியில் மட்டும் காற்று இல்லை. ஆக அடுப்புமேடையில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து, தினம் ஒரு பாடமாக, வாய்ஸ் வாய்ஸாகப் பேசி அனுப்பினார். ஒரே ஒரு தப்பு நடந்தது. பாடம் முடிந்து ‘தேங்க் யூ சில்ட்ரன்’ சொன்னதுமே பதிவு நின்றுவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அது நிற்காது, அம்புக்குறியைத் தட்டி அனுப்பும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அந்த வாசனைப் பையனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. டீச்சர் பாடத்தை முடித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார், ஒரு நிமிஷம் கழித்து ஞாபகம் வந்து தட்டிவிடுவார். அந்த ஒரு நிமிஷத்தில் குக்கர் விசில் அடிக்கும், கரண்டி கீழே விழும், பிறகு தனியாக இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களே, அந்தப் பேச்சு வரும். அம்மா கூப்பிட்ட மாதிரியே தன்னைத் தானே கூப்பிட்டு, தன் ஊர்ப் பேச்சில் கேட்டுக்கொள்வார்: “வயலட்டே, ஒருத்திக்கு எதுக்குட்டி இவ்வளவு மாவு? ஆரு வரப்போறா?”

நூற்று நாற்பத்திரண்டு பாடம். நூற்று நாற்பத்திரண்டு முறை. உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிவிட்டு அம்மாக்கள் போனைப் பிள்ளைகள் கையில் கொடுக்க, பிள்ளைகள் டீச்சர் போட்ட சட்டப்படி காதில் விழுந்ததையெல்லாம் திரும்பச் சொன்னார்கள். குக்கருக்கு ‘உஸ்ஸ்’ என்றார்கள், கரண்டிக்கு ‘டணார்’ என்றார்கள், கடைசியில் வீட்டுக்கு வீடு ஒரே ராகத்தில் ‘ஆரு வரப்போறா’ என்று முடித்தார்கள். டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. தான் பேசியதைத் தானே போட்டுக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

நூற்று நாற்பத்திரண்டாம் பாடம்தான் கடைசி. அந்தச் செவ்வாய்க்கிழமை அதை அனுப்பிவிட்டு டீச்சர் நிமிர்ந்தபோது மதிலுக்கு வெளியே மீன்காரி நின்று “டீச்சர், சாளை கெடக்கு, வேணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. கனைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. கையை ஆட்டி மீன்காரியை அனுப்பிவிட்டு மிளகைத் தட்டிப்போட்டு வெந்நீர் குடித்தார்.

அதே நேரம் துரைப்பாண்டியின் டீக்கடையில் முத்துப்பேச்சி கடைசிப் பாடத்தைக் கேட்டு முடித்து, போனை அணைத்து, மடியில் செருகிவிட்டாள். அவள் மகள் மாரிச்செல்வி ஏழாம் வகுப்பு. மகளுக்கு வந்த பாடத்தையெல்லாம் அவளும் உட்கார்ந்து கேட்பாள். போன் அணைந்தது, குரல் அணையவில்லை. கடை வாசலில் நின்று, சுத்தமாக, கணீரென்று, “குட் மார்னிங் எவ்ரிபடி, மே ஐ கம் இன்?” என்றது. துரைப்பாண்டி டீச்சரின் முதல் வருஷத்து மாணவன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் விறைத்து நின்று “யெஸ், கம் இன்” என்றான். குரல் உள்ளே வந்து பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று எப்படித் தெரியும் என்றால், பேச்சு அதுவரை நின்ற உயரத்தில் இருந்தது, இப்போது இறங்கி வந்தது.

“டீச்சர் வந்திருக்காவ, ஒரு டீ போடுப்பா” என்றாள் முத்துப்பேச்சி. துரைப்பாண்டி சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டு பெஞ்சில் வைத்தான். டீ ஆறியது, ஏடு கட்டியது, ஒரு சொட்டும் குறையவில்லை. “சூடு பத்தலயோ என்னமோ” என்று அடுத்த நாள் கொதிக்கக் கொதிக்கப் போட்டான். அவ்வளவுதான் ஊர் பட்ட ஆச்சரியம்.

அதன்பிறகு குரல் ஊரில் ஒரு ஆளாகிவிட்டது. விடிகாலை பொம்பளைகள் உப்பளத்துக்கு நடக்கும்போது கூடவே நடந்தது, அவர்கள் பாத்தியில் இறங்கி உப்பு வாரும்போது வரப்பில் நின்று ‘திஸ் இஸ் சால்ட், தட் இஸ் சீ’ என்றது, அவர்கள் குனிந்தபடியே திரும்பச் சொன்னார்கள், வெயில் ஏற ஏற வாக்கியமும் நீளமாயிற்று. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாடியது, கொடைத் திருவிழா வந்தபோது அம்மன் கோயில் முன்னாலும் போய் நின்றது, எந்தப் பக்கம் சேர்ந்தது என்று சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையும் பூசாரியும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டார்கள், பிறகு வெள்ளிக்கிழமை உமக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று சமாதானமானார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மே ஐ கம் இன் என்று கேட்டது, ஒவ்வொரு வீட்டிலும் யெஸ், கம் இன் என்றார்கள். மாரிச்செல்வியின் சடங்குக்கு அதற்கென்று ஒரு இலை போட்டுப் பாயசமும் ஊற்றினார்கள். சுகாதார நர்ஸ் வீடுவீடாக எடை பார்க்க வந்தவள் அதையும் மிஷின்மேல் ஏறச்சொல்லி, முள் அசையாததைக் கண்டு, “ரொம்ப மெலிஞ்சிட்டிய டீச்சர், முருங்கக்கீர சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனையிலும் தபாலாபீஸுக்கு அடுத்த வீட்டில் ஒரு மனுஷி வாயடைத்துப்போய் இருக்கிறாளே, அவள் கதி என்ன என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டார்களா? எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. ஆனால் ஊரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பத்தொன்பது வருஷமாக ஊருக்கு அவரிடமிருந்து கிடைத்தது குரல் மட்டும்தான், அந்தக் குரலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு டீச்சர் வந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தெருவில் குடை பிடித்துப் போகும் அந்த உருவம் அவர்கள் கண்ணுக்கு டீச்சர் விட்டுவிட்டுப் போன குடை மாதிரிதான் பட்டது.

டீச்சர் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப்போய்த் தொண்டை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார், குழாய் விட்டுப் பார்த்தார், எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு, “தொண்டை நல்லாதான் இருக்கும்மா, வாடகைக்கு ஆள் வராத வீடு மாதிரி சுத்தமா இருக்கு” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வீட்ல பேசுறதுக்கு யாரு இருக்கா?” என்று கேட்டார். டீச்சர் ஒரு விரலைத் தூக்கித் தன் நெஞ்சைக் காட்டினார். டாக்டர் ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

பொங்கல் கழிந்து புதுக் கூரையோடு பள்ளிக்கூடம் திறந்தது. சுவரில் ஸ்மார்ட் போர்டு, பெஞ்சுக்கு ஒரு டேப், மாட்டிக்கொள்ள ஹெட்போன். குரலை ஹெட்போனுக்குள் போகச் சொல்லிப் பார்த்தார்கள், அது மறுத்துவிட்டது, போர்டு பக்கத்தில் நின்றுதான் பாடம் எடுத்தது. ஹெட்மாஸ்டர் இசக்கிமுத்து சார் நல்ல மனுஷர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைத்து நினைத்தே எல்லார் மனத்தையும் நோகடிப்பவர். “தப்பா நெனைக்காதிய டீச்சர். கிளாஸ் அது பாட்டுக்கு நல்லா போயிட்டிருக்கு. நீங்க கம்ப்யூட்டர் ரூம்ல இருந்து அந்த ஆன்லைன் பதிவெல்லாம் பாத்துக்கிடுங்க, அதுக்குப் பேச வேண்டியதில்ல பாருங்க” என்றார்.

டீச்சர் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அறுபத்துமூன்று பிள்ளைகள் ‘குட் மார்னிங் டீச்சர்’ என்று சொல்ல, அவர் வாய் தன்னால் அசையும், பதில் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். தன் குரலைத்தான் அவர் கேட்டார், ஆனால் அதில் ஒரு சிரிப்பு இருந்தது, அந்தச் சிரிப்பு தன்னிடம் எப்போது இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மத்தியானம் ஆலமரத்தடியில் குரல் தனியாக இருந்த நேரம் பார்த்துப்போய் எதிரே நின்றார். திரும்பி வா என்று கையால் கேட்டார், தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல் கொஞ்சம் யோசித்தது. பிறகு பின்பெஞ்சில் கையைத் தூக்கிய பிள்ளையிடம் கேட்பதுபோல, அன்பாக, “யெஸ்? எனி டவுட்?” என்றது. டீச்சர் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, சத்தமில்லாமல் அழுதார். சத்தம் வராத அழுகை எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய அடி அப்புறம் விழுந்தது. ஒருநாள் மதில் ஓரம் உப்பளத்துப் பொம்பளைகள் வேலை முடிந்து போனார்கள். பிரிகிற இடத்தில் ஒருத்தி ‘தேங்க் யூ’ என்றாள், இன்னொருத்தி ‘உஸ்ஸ்’ என்றாள், மூன்றாமவள் “ஒருத்திக்கு எதுக்குட்டி இவ்வளவு மாவு” என்று இழுக்க, எல்லாருமாக “ஆரு வரப்போறா” என்று முடித்துவிட்டு அவரவர் தெருவில் திரும்பினார்கள். மதிலுக்கு உள்ளே நின்ற டீச்சர் காதில் அத்தனையும் விழுந்தது. தன் அம்மாவின் பேச்சு, தன் அடுப்படி, தான் தனக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டது, அது தெருவில் எப்படி வந்தது? யாரோ சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார்கள், கேட்டு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நான் தனியாக இருப்பது இவர்களுக்குக் கேலியாகப் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். பத்தொன்பது வருஷம் இந்த ஊருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்ததற்கு இதுதானா கைம்மாறு என்று மனம் வெந்தது.

மறுநாளே இசக்கிமுத்து சார் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். மாவட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு விரும்பிப் போகிறேன் என்று டீச்சரே எழுதிக்கொடுப்பது போன்ற விண்ணப்பம். “வர்ற மாசம் ஆபீசர் கிளாஸ் பார்க்க வாராரு. உங்களப் பேசச் சொன்னா என்ன செய்ய? உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க.” போட்டால் இந்த ஊர் முடிந்தது. எங்கேயோ ஒரு மாடியில் ஒரு நாற்காலி, சாயங்காலமானால் யாரையும் தெரியாத ஒரு தெரு. இங்கே மட்டும் யாரைத் தெரியும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். தெரியும், அத்தனை பேரையும் தெரியும், யாருக்கு எந்த வார்த்தை வாயில் நுழையாது என்பதுகூடத் தெரியும். அவர்கள் ஒருமுறையாவது மதிலைத் தாண்டி வருவார்கள் என்று பத்தொன்பது வருஷமாக ஒரு கை மாவு கூடுதலாகத்தான் அரைத்துக்கொண்டிருந்தார், அதை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அறையில் தாளை விரித்துவைத்துப் பேனாவைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் முழுப்பரீட்சைக்குத் திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பாடம். குரல் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள். “தேங்க் யூ சில்ட்ரன்” என்று குரல் முடித்தது. பிள்ளைகள் முடிக்கவில்லை. “உஸ்ஸ்” என்றார்கள். “டணார்” என்றார்கள். பிறகு அறுபத்துமூன்று பேரும், கேலியே இல்லாமல், பக்தியாக, பாட்டு ஒப்பிப்பதுபோல, “வயலட்டே, ஒருத்திக்கு எதுக்குட்டி இவ்வளவு மாவு? ஆரு வரப்போறா?” என்று சொல்லி நிறுத்தினார்கள்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். யாரும் சுவரில் காது வைக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பாடத்தோடு பாடமாகத் தானேதான் அனுப்பியிருக்கிறோம், நூற்று நாற்பத்திரண்டு நாளும் அனுப்பியிருக்கிறோம், பிள்ளைகள் சட்டத்தை மீறாமல் படித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாரிச்செல்வி கையைத் தூக்கினாள். “டீச்சர், எல்லாப் பாடத்துலயும் கேள்விக்குப் பதில் சொல்லிக்குடுத்தீய. ஆரு வரப்போறான்னு எல்லாப் பாடத்துலயும் கேக்கிய, அதுக்கு மட்டும் பதில் சொல்லிக்குடுக்கலியே. பரீட்சைல வந்தா என்ன எழுத?”

குரல் பதில் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த குரல், நர்ஸ் கேட்டாலும் பூசாரி கேட்டாலும் தடுமாறாத குரல், அந்தக் கேள்விக்கு முன்னால் வாயில்லாமல் நின்றது.

“எங்கம்மா ஒரு பதில் சொல்லும்” என்றாள் மாரிச்செல்வி. “வாய்ஸ் முடியும்போதெல்லாம் போனைப் பாத்துச் சொல்லும். ‘நான் வாரேன் டீச்சர்’னு சொல்லும். அத எழுதலாமா?”

“எங்க வீட்லயும் சொல்லுவாவ” என்றது இன்னொரு பெஞ்ச். எங்க வீட்லயும், எங்க வீட்லயும் என்று வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. ஐந்து மாதம், ஊரின் அத்தனை வீட்டிலும், கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பொம்பளைகள், கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று, போனைப் பார்த்து நான் வாரேன் டீச்சர், நான் வாரேன் டீச்சர் என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் சொன்னது மதில் தாண்டிப் போகாது என்று அவர்கள் நினைக்கவில்லை. குரலுக்கு மட்டும் அது கேட்டிருக்க வேண்டும், வருகிறேன் என்றவர்களைத் தேடி அது தானே போய்விட்டது என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்போதுதான் பிள்ளைகள் வாசலில் நின்றவரைப் பார்த்தார்கள். முகம் நனைந்து, முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு நின்ற ஒரு மனுஷி. மாரிச்செல்வி போர்டையும் பார்த்தாள், வாசலையும் பார்த்தாள். டீச்சர் திரும்பி, குடையைக்கூட எடுக்காமல், மொட்டை வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

மாரிச்செல்வி வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம், “எம்மா, டீச்சர் ரெண்டா இருக்காவ. ஒண்ணு நம்மகூட இருக்கு, ஒண்ணு அங்கன தனியா அழுதிட்டு இருக்கு” என்றாள். முத்துப்பேச்சி கையிலிருந்ததைக் கீழே போட்டாள். “ஏட்டி, இத்தன நாளு நான் வாரேன் வாரேன்னுட்டு நான் போவவே இல்லியேட்டி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்ல, அது போய்த் தெரு முழுக்கச் சொல்ல, டீக்கடைக்கும் தெரிந்து, துரைப்பாண்டி அடுப்பை அணைத்துவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் ஐந்தரை மணி. டீச்சர் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, முதல் தோசையை ஊற்றி, அது வேகும்வரை கையெழுத்துப் போடாத தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே கால் சத்தம். ஒன்றிரண்டு இல்லை, நிறைய. ஜன்னல் வழியாகப் பார்த்தார். மதிலுக்கு வெளியே முத்துப்பேச்சி, மாரிச்செல்வி, துரைப்பாண்டி, ஹெட்மாஸ்டர்கூட, அவர்களுக்குப் பின்னால் தெருவே நின்றது. எல்லாருக்கும் முன்னால் ஆளில்லாமல் ஒரு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்திலிருந்து அவருடைய குரல், முதல்முறையாகச் சிரிப்பில்லாமல், கொஞ்சம் பயந்து, கேட்டது: “மே ஐ கம் இன்?”

பதில் வராமல் உள்ளே வரக் கூடாது. அது டீச்சர் போட்ட சட்டம், பத்தொன்பது வருஷம் பிரம்பைத் தொடாமலே ஊர் முழுக்கப் பதியவைத்த சட்டம், அன்றைக்குப் பார்த்து யார் அதை மீறுவார்கள்? கேட் திறந்துதான் கிடந்தது. வெடித்த கால்களில் உப்போடு பொம்பளைகள் நின்றார்கள். பிள்ளைகள் மூச்சுப் பிடித்து நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார். யெஸ் என்று சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. கம் இன் என்று சொல்லப் பார்த்தார், உதடு மட்டும் அசைந்தது. உள்ளே தோசை கருகும் வாடை வந்தது. இவர்கள் இன்னும் கொஞ்சம் நிற்பார்கள், பிறகு டீச்சருக்கு இஷ்டமில்லை என்று நினைத்து, பத்திரிகைக்குக் கல் வைத்துவிட்டுப் போவதுபோலப் போய்விடுவார்கள், அதோடு சரி என்று அவருக்குத் தெரிந்தது. அம்மா, எனக்கு ஒரு வார்த்தை போதும், ஒரே ஒரு வார்த்தை என்று உள்ளுக்குள் கதறினார்.

வந்தது. பாடத்தில் இல்லாத வார்த்தை, வகுப்பில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை, கரகரத்து, மார்த்தாண்டத்து இழுப்போடு, அடுப்படியிலிருந்து நேராக வந்தது.

“வாங்க” என்றார் வயலட் டீச்சர்.

“வாங்க” என்று ஊர் முழுக்க ஒரே குரலில் திரும்பச் சொல்லிவிட்டு உள்ளே வந்தது.

அன்றைக்கு மாவு பத்தவில்லை.